முக்கண்ணர்

பொட்டிபுரத்து டீக்கடை பெஞ்சில் ஒருவர் ஃபோனைக் குப்புறப் போட்டு வைத்திருந்தால், திரையில் கீறல் விழுமே என்று பதறாதீர்கள். முதுகிலுள்ள மூன்று கேமராவும் ஊர் கண்ணில் பட வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இந்த முக்கண்ணர் ஏலக்காய் வியாபாரத்தில் எமகாதகர். போடி ஏல மையத்தில் சாம்பிள் கைக்கு வந்தால் நிறம் பார்ப்பார், எட்டு மில்லிமீட்டர் தேறுமா என்று உருட்டுவார், லிட்டர் எடை கேட்பார், காயை உடைத்து விதையை முகர்வார். கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடினாலும் முகம் சுருங்கும். அதே மனிதர் ஃபோன் கடையில் கேட்பது ஒரே கேள்வி: “புது மாடல் வந்துருச்சா தம்பி?”

அந்தக் கேள்வியின் விலையை அவருடைய சரக்காலேயே அளந்துவிடலாம். 2024 செப்டம்பரில் ஐபோன் 16 ப்ரோ மேக்ஸ் இந்தியாவில் 1,44,900 ரூபாய்க்கு வந்தது. 2020 ஏப்ரலில் 18 சதவீதமாக ஏறிய ஜிஎஸ்டி மட்டும் அதில் 22,000 ரூபாய்க்கு மேல். வரிப் பணத்துக்கே ஒரு நல்ல ஃபோன் கிடைக்கும். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையில் இந்த ஃபோனுக்கு 21 கிலோ போதும். கிலோ ஆயிரத்துக்குச் சரிந்த காலத்துக் கணக்கில் 145 கிலோ. ஒரு கிலோ உலர்ந்த காய்க்குச் சுமார் ஐந்து கிலோ பச்சைக்காய் வேண்டும் என்பதால், முக்கால் டன்னுக்குச் சற்றே குறைந்த பறிப்பு அவர் சட்டைப்பையில் சிணுங்குகிறது. அது செய்யும் வேலையோ அன்றைய ஏல விலை பார்ப்பது, பணம் அனுப்புவது, வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் சொல்வது. பதினெட்டாயிரம் ரூபாய் ஃபோனும் இதைக் குறைவறச் செய்யும். போடிமெட்டு சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் டவர் போய்விட்டால் இரண்டும் ஒரே மாதிரி ஊமை. மலையையே ஊடுருவும் நியூட்ரினோ துகளைப் பிடிக்கும் ஆய்வகத்துக்குத்தான் பொட்டிபுரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஃபோன் அலைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

முக்கண்ணர் பதில் இல்லாதவர் அல்ல. “நல்ல ஃபோன்னா வருசக்கணக்கா உழைக்கும்ணே” என்பார். உண்மைதான். 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ்24 வரிசைக்கு ஏழு ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு என்று அந்த நிறுவனமே வாக்களித்தது. ஆனால் ஐபோனை ஆறு வருடம் வைத்திருந்தாலும் ஆண்டுச் செலவு 24,000 ரூபாய். பதினெட்டாயிரத்து ஃபோனை மூன்று வருடத்தில் தூக்கிப் போட்டாலும் ஆண்டுக்கு 6,000தான். மிச்சப் பணத்துக்குக் கேமரா பதில் சொல்ல வேண்டும். கல்யாண வீடியோ எடுப்பவருக்கும், மலையில் தங்கும் விடுதி நடத்திப் படம் போட்டு ஆள் பிடிப்பவருக்கும் அது பதில் சொல்லும். அவர்களுக்கு அது தொழில் கருவி. பேரனையும் பிரியாணியையும் மட்டும் எடுப்பவருக்குச் சொல்லாது. சரி, வியாபாரத்தில் ஒரு மதிப்பு வேண்டாமா? மின்னணு ஏலத்தில் கணினி பார்ப்பது விலையை. கேட்பவர் பையில் என்ன ஃபோன் என்று அது விசாரிப்பதில்லை. ஆசைக்கு வாங்கினேன் என்றால் வழக்கு முடிந்தது. ஆசைக்கு யாரும் ரசீது கேட்க முடியாது. ஆசையைச் சிக்கனம் என்று கணக்கெழுதும்போதுதான் இடிக்கிறது.

ஆக, விலையுயர்ந்த ஃபோன் மோசமான சரக்கு அல்ல. அதன் பெறுமதி கடைசி வருடங்களில் இருக்கிறது. முக்கண்ணரோ முதல் வருடத்தை மட்டும் வாங்குகிறார். அடுத்த செப்டம்பரில் புது மாடல் வந்ததும் பழையதைப் பாதி விலைக்கு மச்சினன் தலையில் கட்டிவிட்டு, தள்ளிவிட்டோம் என்று பெருமைப்படுவார். கீறல் விழுந்த அந்த ஃபோனை ஐந்து வருடம் ஓட்டப்போகும் மச்சினன், விலையில் இன்னும் ஆயிரம் குறையாதா என்று முனகியபடியே வாங்கிக்கொள்வார். குடும்பத்தில் ஏலம் எடுக்கத் தெரிந்தவர் யார் என்பது அப்போது விளங்கும்.