டெர்லின் சட்டையும் பருத்திச் சட்டையும்

எழுபதுகளில் கோவை சிங்காநல்லூரில் ஒரு வீட்டில் டெர்லின் சட்டை இருக்கிறதென்றால், அது பீரோவுக்குள் பாச்சை உருண்டைகளுக்கு நடுவே இருக்கும். கல்யாணம், மாரியம்மன் நோம்பி, பெண் பார்க்கப் போவது என்று வந்தால்தான் வெளியே எடுப்பார்கள். அண்ணன் சட்டையைத் தம்பியும், தம்பி சட்டையைப் பக்கத்து வீட்டுக்காரரும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு பெண் பார்த்துவிட்டு வந்ததுண்டு. அதை வாங்க வழியில்லாதவர்கள் பருத்தி உடுத்தினோம். எங்கள் தெருவில் பருத்தி என்றால் ஏழை என்று பொருள்.

அப்பா நூல் மில்லில் ஸ்பின்னிங் சைடர். ஷிப்டு முடிந்து வரும்போது புருவத்தில், காது மடலில், காக்கி நிஜாரின் மடிப்பில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மா வாசலிலேயே நிற்கவைத்துத் துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார். எட்டு மணி நேரமும் அறுந்த இழையைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிற வேலை. அப்படி அவர் நூற்ற நூல் எந்த ஊரில் யார் உடம்பில் ஏறியதோ, எங்கள் வீட்டுக்குப் புதுத்துணி வருஷத்துக்கு ஒருமுறைதான் வந்தது. தீபாவளி போனஸ் போட்டபிறகுதான் ஒப்பணக்காரத் தெருப் பக்கமே போவோம்.

அங்கே வாங்கிய துணி நேராக டைலர் கடைக்குப் போகும். "பையன் வளர்றானுங்ணா, கீழே நாலு விரக்கடை உள்ள மடிச்சு வெச்சுத் தைச்சுக் குடுங்க" என்று அம்மா சொல்வார். அடுத்த தீபாவளிக்கு ஒரு மடிப்பைப் பிரிப்பார், அதற்கடுத்த வருஷம் இன்னொன்றை. வெளுத்த நீலத்துக்குக் கீழே வெளுக்காத நீலம் ஒரு வளையம்போல நிற்கும். மடிப்பு இருந்த இடத்தில் எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத கோடு விழுந்திருக்கும். எங்கள் வகுப்பில் ஒருவன் எத்தனை வருஷமாக அதே கால்சட்டையைப் போடுகிறான் என்பதை அந்தக் கோட்டை எண்ணியே சொல்லிவிடலாம். போட முடியாமல் போனதைத் தம்பி போடுவான். அதற்குப் பிறகும் அது துணிதான். அம்மாவின் சேலை தூளியாகும், பிறகு கைக்குழந்தைக்குத் துணியாகும், கடைசியில் அடுப்படியில் பிடிதுணியாகும்.

கிழியாமல் தப்பிய உருப்படிகளுக்கு விலை இருந்தது. பழைய துணிக்குப் பாத்திரம் தருகிற பெண்மணி தலையில் கூடையோடு தெருவில் வருவார். திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த சேலையை விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். நைந்த இடம் கண்ணில் பட்டால் உதட்டைப் பிதுக்குவார். "இதுக்குக் கரண்டிதான் வரும் அம்மிணி. தூக்குப்போசி வேணும்னா இன்னொரு பேண்ட் போடுங்க" என்பார். அரைமணி நேரம் பேரம் நடக்கும். எங்கள் வீட்டு அடுக்குப் பலகையில் இருந்த எவர்சில்வரில் பாதி இப்படி வந்ததுதான்.

பாலியஸ்டர் இழையில் நெய்த டெர்லின் அத்தனை விலை விற்றதற்கு முக்கியக் காரணம் வரி. செயற்கை இழை வசதியானவர்களுக்கு உரியது என்று கருதி, அரசாங்கம் அதன்மேல் கனமாகக் கலால் வரி போட்டிருந்தது. ஏழைகளுக்காகக் கட்டுப்பாட்டு விலைத் துணி நெய்யும்படி மில்களுக்கு உத்தரவிட்டிருந்தது. 1985-ல் புதிய ஜவுளிக் கொள்கை வந்தது, செயற்கை இழைக்கான வரிகள் இறங்கின. அதற்குப் பிறகு பாலியஸ்டர் பீரோவை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டது. மறுபுறம், 2022 மே மாதம் பஞ்சு விலை ஒரு கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. இப்போது திருச்சி ரோட்டு நடைபாதையில் பாலியஸ்டர் சட்டை மலிந்து கிடக்கிறது. நல்ல கடைகளில் 'நூறு சதவீதம் பருத்தி' என்று தனியாகச் சீட்டுக் கட்டி, அதற்கென்றே கூடுதல் விலை வைக்கிறார்கள். அப்பா ஆயுள் முழுக்க நூற்ற சரக்கு இன்று வசதியின் அடையாளம். மில் வேலை செய்கிறவர் வேர்வையோடு பாலியஸ்டரில் நிற்கிறார்.

உடுப்பின் விலையை உடுத்துகிறவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருந்துகொண்டு யாரோ முடிவு செய்வது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. கனடாவின் வடகோடியில் நூனவுட் இருக்கிறது. அங்கே ஓர் ஊரையும் இன்னோர் ஊரையும் இணைக்கச் சாலையே கிடையாது. கனமான சரக்கெல்லாம் கோடையில் கப்பலில் வரும், மற்ற மாதங்களில் விமானம்தான். அதனால் அரிசி முதல் சோப்பு வரை எல்லாம் கொள்ளை விலை. அங்கத்துப் பழங்குடிகளான இனுயிட் பெண்கள் கரிபூ மான் தோலையும் சீல் தோலையும் கையாலேயே தைத்து, எந்தக் குளிரையும் தாங்குகிற உடுப்பைத் தந்துகொண்டிருந்தவர்கள். வெள்ளைச் சீல் குட்டிகளைக் கொல்வதை எதிர்த்து 1983-ல் ஐரோப்பியச் சமூகம் குட்டித் தோல் இறக்குமதியைத் தடைசெய்தது. குட்டிகளைத் தொடாத இனுயிட் வேட்டைக்காரர்களின் தோலுக்கும் அதோடு சந்தை போயிற்று. அந்தத் தோல் விற்ற காசில்தான் அவர்கள் தோட்டாவும், பனிவண்டிக்குப் பெட்ரோலும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு மூடிய மில்லின் கேட்டுக்கு வெளியே நின்றிருந்த முகங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

அப்பா காலத்தில் மில் தொழிலாளிக்கு ஒரு காப்பு இருந்தது. விலைவாசிப் புள்ளி ஏறினால் பஞ்சப்படி ஏறும். அப்பா பேப்பர் படிக்காதவர், ஆனாலும் புள்ளி எத்தனை ஏறியிருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. அந்தப் புள்ளியைக் கணக்கிடத் தொழிலாளர் குடும்பங்களின் செலவைப் பகுத்து வைத்திருக்கிறார்கள். 1982-ஐ அடிப்படையாகக் கொண்ட அகில இந்தியக் கணக்கில் நூற்றில் உணவுக்கு 57 பங்கு, துணிமணி, படுக்கை, செருப்புக்கு 8.54 பங்கு, வீட்டுக்கு 8.67. 2016-ஐ அடிப்படையாகக் கொண்ட கணக்கில் உணவு 39.17-க்கு இறங்கியிருக்கிறது. துணிமணியும் செருப்பும் 6.08. வீட்டின் பங்கோ 16.87-க்கு ஏறியிருக்கிறது. மருத்துவம், படிப்பு, போக்குவரத்து எல்லாம் அடங்கிய இதரச் செலவு 16.36-லிருந்து 30.31 ஆகிவிட்டது. துணி மலிந்துவிட்டது, சனங்கள் நன்றாக உடுத்துகிறார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இருகூர் ரோட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. கணவன் மனைவி இருவருக்கும் மில் வேலை, காண்ட்ராக்ட். வாசல் கொடியில் டீ சட்டைகளாகத் தொங்கும், குழந்தையின் உடுப்பே ஒரு டஜன் இருக்கும். எதிலும் கிழிசலில்லை, ஒட்டில்லை. கணவர் அரைகுறைத் தமிழில் சொன்னார்: "துணி பிரச்சினை இல்லைண்ணா. வாடகை, பாப்பா ஸ்கூல், அதுக்கே ரெண்டு பேர் சம்பளம் போயிடுது." எங்கள் வீட்டில் ஒரே சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட்டோம். மூன்று பிள்ளைகள் கோடு விழுந்த கால்சட்டையோடு அரசுப் பள்ளியில் படித்து முடித்தோம். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் அப்பா இரண்டரை சென்ட் இடம் வாங்கினார். இன்று அந்த இடத்தின் விலையைச் சொன்னால் அந்த ஒடிசாத் தம்பி சிரித்துவிடுவார்.

1888-ல் தொடங்கிய, ஊர் ஸ்டேன்ஸ் மில் என்று அழைக்கிற ஆலை, பங்கஜா, முருகன், ரங்கவிலாஸ், ஒண்டிப்புதூர்ப் பக்கத்துக் கம்போடியா என்று கோவையில் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஐந்து ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. அதன்பிறகு அவை முறையாக ஓடவில்லை. திறக்கச் சொல்லித் தொழிலாளர்கள் வருஷக்கணக்காகப் போராடி வருகிறார்கள். அவற்றைத் திறக்க வேண்டும் என்பதே என் கட்சியும். ஓடிக்கொண்டிருக்கிற தனியார் மில்களிலும், காண்ட்ராக்ட் என்று பெயர் வைத்துவிட்டு, பஞ்சப்படியை வெட்டுவது அநியாயம். புள்ளி ஏறினால் சம்பளம் ஏறும் என்ற உறுதி என் அப்பாவுக்கு இருந்தது. அதே ரிங் ஃபிரேம் நூற்பு எந்திரத்தின் முன்னால் நிற்கிற இந்த ஒடிசாக்காரருக்கும் அவர் மனைவிக்கும் அது எழுத்தில் வேண்டும், வீட்டு வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் இன்றைய விலைக்குச் சேர்த்துக் கணக்கிட்டு.