சாம்பார் முடிச்சும் நாலு பல்லும்

நேற்று ராத்திரி ஏழரை மணிக்குப் பார்சல் தோசை வந்தது. எட்டேகால் வரை நான் சாப்பிடவில்லை. காரணம் சாம்பார். ருசியில் குறை சொல்ல மாட்டேன், அதற்கு ருசி தெரிய வேண்டுமே. பையை விட்டு வெளியே வந்தால்தானே!

அந்த முடிச்சு உங்களுக்குத் தெரியும். பாலிதீன் பையின் கழுத்தை முறுக்கி, வெள்ளை நூலை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, நுனியை எங்கேயோ செருகிப் பட்டென்று அறுத்துவிடுவார் பார்சல் கட்டும் தம்பி. அவருக்கு இரண்டு விநாடி வேலை. அந்த நுனியைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. தேட வேண்டிய அவசியமும் வந்ததில்லை. பையின் மூலையை முன்பல்லில் வைத்து ஒரு கடி, ஒரு இழுப்பு, கிண்ணத்தில் சாம்பார். 53 வயதுவரை நானும் அந்த ஜாதிதான். நேற்றும் கை தன்னால் வாய்க்குப் போயிற்று. அடுப்படியிலிருந்து "ஐயோ, வெனீர்!" என்று மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஆமாம், மேல்வரிசை முன்பற்கள் நாலுக்கும் செராமிக் வெனீர் என்ற மெல்லிய உறையை ஒட்டியிருக்கிறேன். மூன்று மாதமாகிறது. எவ்வளவு ஆயிற்று என்று கேட்காத ஆள் இல்லை. கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தப் பாக்கெட் விவகாரத்தைப் பேசி முடித்துவிடலாம்.

ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூர் சின்னி கிருஷ்ணனைத்தான் சாஷேக்களின் முன்னோடி என்பார்கள். அவர் புண்ணியத்தில் சில்லறைக் காசுக்கு ஊரே தலைகுளித்தது. அவர்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் ஈரக் கையும் மூடிய கண்ணுமாக நிற்கிறவன் அதை எதைக்கொண்டு கிழிப்பான்? ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருக்குமாம். இருக்கிறது, நாம் பிடித்த மூலைக்கு நேர் எதிர் மூலையில். அங்கே பிடித்துக் கிழித்தால் ஓரம் மட்டும் பூணூல் மாதிரி நீளமாக உரிந்து வருகிறது. ஷாம்பு உள்ளே பத்திரமாக இருக்கிறது.

ரயிலில் கொடுக்கும் ஊறுகாய்ப் பாக்கெட் இன்னொரு ரகம். விரலால் கிழித்தால் திறக்காது, திறந்தால் எதிர் சீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையில்தான் திறக்கும். மிக்சர் பாக்கெட்டை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முதல் இரண்டு இழுப்புக்கு அசையாது. மூன்றாவதில் அடியோடு பிளந்து காராபூந்தி சோபாவுக்குக் கீழே ஓடும். மிளகாய்த்தூள் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தவர்கள் ஒரு சங்கமே வைக்கலாம், நான் பொருளாளராக இருக்கிறேன். புதுச் சட்டையில் விலைச்சீட்டைக் கோத்திருக்கும் பிளாஸ்டிக் நரம்பு, பேனா மூடி, இறுகிப்போன பைஜாமா நாடா, ஊசியில் கோக்கும் நூலின் பிசிர்... எல்லாவற்றுக்கும் ஒரே பட்டறை, இந்த நாலு பல். சம்பளமில்லாமல் நாற்பது வருஷம் உழைத்தன.

"கத்தரிக்கோல் வெச்சுக்கலாமே, அங்கிள்" என்றார் பல் டாக்டர். எங்கள் வீட்டில் மூன்று கத்தரிக்கோல் உண்டு, டாக்டர். தேவைப்படாத நாளில் மூன்றும் மேஜைமேல் கிடக்கும்.

வெனீருக்கு வருகிறேன். கல்லூரி நாளில் இரண்டு ரூபாய் பந்தயத்துக்குக் கலர் பாட்டில் மூடியைப் பல்லால் திறந்தேன். பந்தயத்தில் ஜெயித்தேன், முன்பல்லின் மூலை பெயர்ந்தது. அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் வாயை மூடியே சிரித்தேன். ஆபீசில் எனக்கு 'ஆழமானவர்' என்று பெயர். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், "ஆல்பத்துல உம்முன்னு நிக்கக் கூடாதுப்பா" என்று அவளே கிளினிக்குக்கு இழுத்துப்போனாள்.

டாக்டர் சாவிக்கொத்து மாதிரி ஒன்றை எடுத்தார். அதில் 16 பற்கள் தொங்கின, வெள்ளையிலிருந்து காவிவரை. என் சொந்தப் பல் ஏ-3.5 என்று தீர்ப்பாயிற்று. அந்தப் புள்ளி ஐந்து காபியால் வந்தது என்றாள் மனைவி. நான் இருப்பதிலேயே வெள்ளையைக் கேட்டேன். "மேல வெள்ளையடிச்சுட்டு கீழ அப்படியே விட்டா, பாதி பெயின்ட் அடிச்ச சுவராட்டம் இருக்கும்" என்று அவள் சொன்னதை டாக்டர் ரசித்துச் சிரித்தார். ஏ-2வில் சமரசம்.

பிறகு எனாமலை அரை மில்லிமீட்டருக்குச் சீவினார்கள். சீவியது திரும்ப வளராது. இனி ஆயுசுக்கும் ஏதாவது ஒரு மூடி வேண்டும். இதைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு சொன்னார்களா, சொல்லிவிட்டு வாங்கினார்களா என்று ஞாபகமில்லை. பாஸ்பாரிக் அமிலம் தடவிப் பல்லைச் சொரசொரப்பாக்கினால்தான் பசை பிடிக்குமாம். 1955-ல் போனோகோர் என்ற அமெரிக்கர் கண்டு சொன்ன வழி. அதற்கும் முன்னால், ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் டாக்டர் நடிகர்களுக்கு வெனீரைப் படப்பிடிப்பு வரைக்கும் ஒட்டிவிடுவாராம். ஷூட்டிங் முடிந்ததும் கழற்றிவிடலாம். புத்திசாலிகள்! எனக்கும் ஒரு ரிசப்ஷனுக்குத்தானே வேண்டியிருந்தது?

பராமரிப்பு என்று ஒரு தாள் கொடுத்தார்கள். மென்மையான பிரஷ். பல்பொடி கூடாது. நகம் கடிக்கக் கூடாது. தூக்கத்தில் பல்லை நறநறக்கிறேன் என்பதால் ராத்திரி வாயில் ஒரு பிளாஸ்டிக் கவசம். ஆப்பிளைத் துண்டு போட்டுக் கடைவாயால் மெல்ல வேண்டும். முறுக்கு, சீடை, கரும்பு எதையும் முன்பல்லால் கடித்து இழுக்கக் கூடாது. கோகுலாஷ்டமிக்குச் சீடையை உரலில் இடித்து ஸ்பூனால் சாப்பிட்டேன். கிருஷ்ணர் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் பத்துப் பதினைந்து வருஷம் வருமாம். காபிக் கறை மேல்வரிசையில் ஏறாது, கீழ்வரிசையில் ஏறும். பத்து வருஷம் கழித்து என் வாய் எப்படி இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாண ஆல்பம் போன வாரம் வந்தது. எல்லாப் படத்திலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். முப்பது வருஷப் பழக்கம், எங்கே போகும்? ஒரே ஒரு படத்தில் பல் தெரிகிறது. அதில் பாயசம் குடிக்கிறேன்.

தொகையைச் சொல்வதாகச் சொன்னேன் அல்லவா? நேற்று ராத்திரி அந்தப் பையை ஸ்கூட்டர் சாவியால் குத்தினேன். ஓட்டை விழுந்தது, என் பக்கமாக. பனியன், வேட்டி, புது மேஜைவிரிப்பு எல்லாம் சாம்பார். மனைவி வந்தாள், மிச்சப் பையை வாங்கினாள், கடித்தாள், ஊற்றினாள். "இதுக்கா முக்கால் மணி நேரம்?" என்றாள். இரண்டாவது பையில் தேங்காய்ச் சட்னி. அதே நூல், அதே முடிச்சு.

பார்சல் கட்டும் தம்பிகளுக்கு ஒரு விண்ணப்பம். நூல் நுனியை ஒரே ஒரு அங்குலம் வெளியே விட்டுக் கட்டுங்கள், ஐயா. சிவப்பு நூலாக இருந்தால் ரொம்ப உபகாரம்.