சனி போயாச்சு, நான் அப்படியேதான் இருக்கேன்

போன வாரம் அம்மா போன் பண்ணி, "இப்ப எப்படிடா இருக்கு?" என்றார். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்றேன். "உடம்பைக் கேக்கலடா. சாமி நம்பிக்கை கொஞ்சமாவது திரும்பி வருதா?"

கேட்டதில் நியாயம் இருக்கிறது. இந்த மார்ச்சோடு மகர ராசிக்கு ஏழரைச் சனி முடிந்தது. நான் மகரம், திருவோணம். 'எனக்கு நம்பிக்கை போய்விட்டது' என்று பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்ல அருமையான வழி ஒன்று வைத்திருக்கிறேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அது இன்னொரு நாளைக்கு இருக்கட்டும், முதலில் இந்தச் சனியை ஒரு கை பார்த்துவிடலாம்.

நான் வீட்டில் விஷயத்தை உடைத்தது 2021-ல். அம்மா அழுவார், அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயார் செய்திருந்தேன். அப்பா இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். "மகரத்துக்கு ஜென்மச் சனி. அப்படித்தான் பேசச் சொல்லும்" என்று பிசைய ஆரம்பித்தார். அவ்வளவுதான். மிச்சப் பதில்களெல்லாம் இன்றுவரை என்னிடமே இருக்கின்றன, யாருக்காவது வேண்டுமானால் தருகிறேன்.

சனி ஒரு சுற்று வர சுமார் 29½ வருஷம். ராசிக்கு இரண்டரை, நம் ராசி, அதற்கு முன்னது, பின்னது என மூன்று வீட்டுக்கு ஏழரை. முதல் சுற்று மங்கு சனி, இரண்டாவது பொங்கு சனி. மங்கு சனி எனக்கு அரைஞாண் கயிறு கட்டியிருந்த காலத்திலேயே முடிந்துபோனது. ஆக இது பொங்கு. மற்ற மகரக்காரர்களுக்கு வீடு பொங்கியது, கார் பொங்கியது. எனக்கு நாத்திகம் பொங்கியது.

"பெரியார் 94 வயசு இருந்தாரே, அவரையும்தானே சனி மூணு தடவை பிடிச்சிருக்கும்? கடைசி வரை மாறலையே?" என்று மடக்கினேன். "அவர் ஜாதகம் வேற" என்றார் அப்பா. பார்த்த மாதிரி.

பரிகாரத்துக்குத் திருநள்ளாறு கூட்டிப்போனார்கள். நளதீர்த்தத்தில் நல்லெண்ணெய் தேய்த்து முழுகிவிட்டு, உடுத்தியிருந்ததை அங்கேயே விட்டுவிட வேண்டுமாம். முழுகினேன். நல்ல வேட்டி ஒன்று போனது. கொள்கை கூடவே வந்தது.

2025 மார்ச் 29 அன்று சனி மீனத்துக்குப் போய்விட்டார் என்றது திருக்கணிதம். வாக்கியப் பஞ்சாங்கப்படி பெயர்ச்சி 2026-ல்தான் என்றது திருநள்ளாறு கோயில். எங்கள் வீடு வாக்கியம். ஆக ஒரு வருஷம் முழுக்க நான் திருக்கணிதப்படி ஆத்திகன், வாக்கியப்படி நாத்திகன். கல்யாண வீட்டில் யாராவது திருநீறு நீட்டி நான் வேண்டாமென்றால், அம்மா தாழ்ந்த குரலில், "மார்ச் வரைக்கும்தான்" என்பார். உடனே அவர்கள் முகத்தில் ஒரு கனிவு வரும். ஒரு பெரியப்பா, மாவுக்கட்டு பிரிக்கப்போகிறவனைத் தேற்றுவதுபோல் முதுகில் தட்டிக்கொடுத்தார். சித்தி, "இவருக்கும் இப்படித்தான் இருந்துச்சு, கண்டகச் சனியில" என்று சித்தப்பாவைக் காட்டினார். சித்தப்பா மறுக்கவில்லை. பந்தியில் இரண்டாவது ஜாங்கிரிக்குக் காத்திருந்தார். இருபது வயதில் கறுப்புச் சட்டை போட்டுத் திரிந்த மனிதர். கண்டகச் சனி!

எரிச்சல் எங்கே என்றால், பகத்சிங் 1930-ல் லாகூர் சிறையில் இருந்து 'நான் நாத்திகன் ஏன்?' எழுதினார். அதைத் தமிழாக்கியதற்கு ஜீவாவைப் பிடித்து உள்ளே போட்டது வெள்ளைக்கார அரசு. அடக்குமுறைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும், சொன்னதை இவன் யோசித்துத்தான் சொல்கிறான் என்று அவர்களாவது எடுத்துக்கொண்டார்கள். நான் வருஷக்கணக்காகப் படித்து, குழம்பி, தூக்கம் கெட்டு வந்து சேர்ந்த இடத்துக்கு, என் வீட்டில் கிரகம்தான் காரணம். ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். ஒரு தட்டு பறந்திருக்கலாம்.

"ஒண்ணும் திரும்பி வரலம்மா. சனி போயாச்சு, நான் அப்படியேதான் இருக்கேன்" என்றேன் போனில். ஜெயித்துவிட்ட தோரணையில்தான் சொன்னேன்.

அந்தப் பக்கம் அம்மா அப்பாவிடம் ஏதோ கலந்து பேசினார். "குரு இப்ப உனக்கு ஆறுல மறைஞ்சிருக்கார்டா. ஏழுக்கு வரட்டும், உன் ராசியை நேராப் பார்ப்பார். நீயே கோயிலுக்குப் போவ பாரு. அது கிடக்கட்டும், சனிக்கிழமை காக்காய்க்குச் சோறு வைக்கிறியா?"

வைக்கிறேன். அதுவும் எள்ளுச் சாதம். அந்தக் காக்காய் வேறு எதையும் தொடுவதில்லை.