பறவை பார்த்த பால்கனி

எண்பதுகளில் அப்பா வேளச்சேரியில் மனை வாங்கியபோது சொந்தக்காரர்கள் முதலில் கேட்டது, "கழுவெளி எவ்வளவு தூரம்?" தூரம் என்று சொன்னால்தான் மரியாதை. அடைமழையில் அந்தப் பள்ளிக்கரணைச் சதுப்பு வாசல்வரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். அது கண்ணில் படாதபடி தரகர் எங்களைச் சுற்றுவழியில் கூட்டிப்போனார் என்பது அம்மாவின் தீராத வழக்கு.

சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் நீலச்சிறகிகள் அங்கே வந்து இறங்கும். அரைக் கிலோகூடத் தேறாத வாத்து. பகலெல்லாம் நடுத்தண்ணீரில் கூட்டமாக மிதந்து தூங்கும். இருட்டியதும் ஆழமில்லாத இடமாகப் பார்த்து விதை, பூச்சி, நீர்ச்செடி என்று மேயும். அதைப் பார்ப்பதற்கென்று யாரும் போனதில்லை. எருமையைத் தேடிப் போனவர்கள், எருமை கிடைக்கும்வரை பார்த்தார்கள்.

ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த சதுப்பு அது. குப்பைமேடு, சாலை, மென்பொருள் வளாகம் என்று ஆளுக்கொரு பக்கம் பிட்டுக்கொண்டபின் மீந்ததில் 317 ஹெக்டேர் 2007இல் காப்புக்காடு ஆனது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. இடம் சுருங்கச் சுருங்க மதிப்பு கூடியது.

இப்போது ஞாயிறு காலைகளில் துரைப்பாக்கம் சாலையோரம் வாத்துகளுக்குச் சமமாகக் கேமராக்கள். "வெள்ளைப் புருவம் வச்ச ஆண் எங்கே சார்?" என்று கார்த்திகையிலேயே அவசரப்படுகிறார்கள். வரும்போது ஆணும் பெண்ணைப் போலவே பழுப்பு உடுப்பில்தான் வரும். மாசிவாக்கில்தான் புருவம் வெளுத்துக் கல்யாணக் களை கட்டும். கட்டியதும் முட்டையிட வடக்கே கிளம்பிவிடும். அதற்குள் நம் ஆட்கள் வேறு ஏதோ சீசனுக்குப் போயிருப்பார்கள்.

போன மாதம் மகனுக்கு ஃபிளாட் பார்க்கப் போனோம். இந்தக் காலத் தரகர் சுற்றுவழியில் போகவில்லை. நேரே பத்தாவது மாடி பால்கனிக்குக் கூட்டிப்போனார்.

"வாத்து பார்க்க கரிக்கிலிவரைக்கும் கார் ஓட்ட வேணாம் சார். காபி குடிச்சுக்கிட்டே பாக்கலாம். அதுக்குத்தான் சதுர அடிக்கு முந்நூறு கூட."

"எங்கே இறங்கும்?"

"எதிர்ல தண்ணி நிக்குது பாருங்க, அங்கதான்."

"அது யாரோட இடம்?"

"நம்மதுதான் சார். ரெண்டாவது பிளாக் அங்கதான் வருது. இப்பவே புக் பண்ணா இன்னும் கிட்டக்க பாக்கலாம்."