ஆளுக்கொரு சம்பந்தம்

ஊரிலிருந்து வரும் மாமனார், மாமியாருக்கு இங்கிலாந்து அரசாங்கம் தாராளமாக ஆறு மாதம் விசா கொடுக்கிறது. லண்டன் மாநகரமோ இரண்டு வாரத்தில் தீர்ந்துபோகிறது. மணிக்கூண்டு, தேம்ஸ் பாலம், ராணி இருந்த அரண்மனை, மெழுகு பொம்மைகள், கோகினூர் வைரம் (அதன் முன் நின்று பெருமூச்சு விடத் தனியாக அரை நாள்) என்று பார்த்து முடித்தால், அவ்வளவுதான். மீதி ஐந்தரை மாதத்துக்கு இவர்களுக்கு எதைக் காட்டுவது என்பதை விசா முத்திரை குத்துகிறவர்கள் யோசிப்பதில்லை. மாப்பிள்ளைமார்தான் யோசிக்க வேண்டும்.

நாங்கள் இருப்பது கிழக்கு லண்டன் பக்கம், இல்ஃபர்டில். காலாற நடந்தால் வாலன்டைன்ஸ் பூங்கா. 1899இல் ஒரு பகுதியைத் திறந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, இன்றைக்கு 125 ஏக்கருக்குக் குறையாமல் விரிந்து கிடக்கிறது. ஏரி உண்டு, வாத்து உண்டு, ரோஜாத் தோட்டம் உண்டு. அதற்குள்ளேயே 1690களில் கட்டிய செங்கல் மாளிகை ஒன்றும் உண்டு. பெரிய மனிதர்கள் பலர் வாழ்ந்து முடித்த பிறகு, முதல் உலகப் போரில் பெல்ஜிய அகதிகள் தங்கினார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் நகராட்சி ஆபீஸ். அதுவும் போய்ப் பூட்டிக் கிடந்ததைப் பழுதுபார்த்து 2009இல் மக்களுக்குத் திறந்தார்கள். அனுமதி இலவசம்.

இந்தக் கடைசி இரண்டு வார்த்தையை நான் வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

“சும்மா காட்டுதான்னா உள்ள என்ன மாப்ள இருந்துரப் போகுது?”

அவர் திருநெல்வேலியில் கூட்டுறவுத் துறைத் தணிக்கையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தச் செய்தியையும் ரசீது இல்லாமல் நம்ப மாட்டார். மாமியாரின் ஆட்சேபணை வேறு. “பத்மநாபபுரம் அரண்மனையே பாத்தாச்சு. அந்தத் தரையில முகம் தெரியும். இது செங்கல் வீடு. பூசக்கூட இல்லியே?” என்றார்.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவிடம் ஆதரவு தேடினேன். இருபது வருஷமாக அதே பூங்காவில் காலையும் மாலையும் நடக்கிறவர். “நாங்கள் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டைச் சுத்தித்தான் தம்பி நடக்கிறம். உள்ளுக்குப் போனதில்லை. தெரியாத ஆக்களின்ர வீட்டுக்குள்ள போய் என்ன செய்யிறது?” என்று கேட்டார்.

அதில்தான் விஷயமே இருக்கிறது. நம்மவர்களை ஒரு பழைய வீட்டுக்கு அழைத்துப்போகக் கட்டடக்கலை உதவாது. தூண் இன்ன பாணி, ஜன்னல் இன்ன காலம் என்றால் கொட்டாவி விடுவார்கள். ஆள் தெரிய வேண்டும். யார் கட்டினது, யாருக்கு யார் என்ன முறை, எப்படிச் சம்பாதித்தான், எப்படி விட்டான் என்பது தெரிந்தால், அது தெரியாதவர் வீடு இல்லை. சுற்றுலாத் திட்டம் என்றால் நேரமும் வண்டியும் சோறும் என்றுதான் நினைக்கிறோம். உண்மையில் ஆளுக்கொரு சம்பந்தம் பேசி முடிப்பதுதான் திட்டம். நான் தரகு வேலையில் இறங்கினேன்.

முதல் ஜாதகம் மாமியாருக்கு. அந்த மாளிகையைக் கட்டியவர் ஜேம்ஸ் சாட்விக். அவருடைய மாமனார் ஜான் டில்லட்சன், கேன்டர்பரியின் ஆர்ச்பிஷப். இங்கிலாந்துத் திருச்சபைக்கே தலைமைக் குரு. அவர் 1694இல் காலமானார். அவர் மனைவி எலிசபெத் லேசுப்பட்ட இடத்துப் பெண் இல்லை. ராஜாவின் தலையை வாங்கி நாட்டையே ஆண்ட ஆலிவர் கிராம்வெல்லின் தங்கை மகள். அந்த அம்மாள் கணவர் போன பிறகு மருமகன் குடும்பத்தோடு இருந்தது இந்த வீட்டில்தான்.

“அப்ப, மாமியாருக்காக மருமகன் கட்டின வீடா?” என்றார் மாமியார். கையில் இருந்த முருங்கைக்கீரை அப்படியே நின்றது.

“ஆமா அத்தை.”

“எவ்வளவு பெரிசு?”

சொன்னேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு எங்கள் வீட்டுக் கூரையை ஒரு முறை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. “போகத்தான் வேணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீரை ஆய ஆரம்பித்தார்.

மாமனாருக்கு இரண்டாவது ஜாதகம். 1720இல் லண்டனையே குப்புறத் தள்ளிய தென்கடல் கம்பெனி விவகாரத்தை எடுத்தேன். ஜனவரியில் 130 பவுண்டைத் தாண்டாத பங்கு, கோடையில் ஏறக்குறைய 1,000 பவுண்டுக்குப் போய், வருஷக் கடைசியில் 200க்கும் கீழே விழுந்தது. புவியீர்ப்பைக் கண்டுபிடித்த ஐசக் நியூட்டனே அதில் பணம் விட்டார். மேலே போனது கீழே வரும் என்பதை அவருக்கே யாரும் சொல்லவில்லை.

மாமனார் பேப்பரை மடித்தார். “சீட்டுக் கம்பெனி கணக்கா இருக்கே!”

அந்தக் கம்பெனியின் துணைக் காசாளர் ராபர்ட் சர்மன். பாராளுமன்றம் விசாரித்து, இயக்குநர்களோடு சேர்த்து அவர் சொத்திலும் பெரும்பகுதியைப் பிடுங்கிக்கொண்டு, பிழைப்புக்கு என்று கொஞ்சம் விட்டது. அப்படி விடப்பட்ட மனிதர் 1724இல் இந்த மாளிகையை வாங்கி, தோட்டத்தில் நீளமாக ஒரு நீர்நிலை வெட்டி, சிப்பி பதித்த மாடங்களெல்லாம் வைத்து அழகு பார்த்தார்.

“எந்தப் பணத்துல?” மாமனார் எழுந்தே நின்றுவிட்டார். “ஜப்தி ஆனவன் நாலு வருஷத்துல பங்களா வாங்குதான். எங்கிருந்து வந்துச்சு? பேர்ல வாங்கினானா, பினாமியா?” முப்பது வருஷம் கூட்டுறவுச் சங்கங்களில் இவர் தேடிக்கொண்டிருந்த ஆள் இல்ஃபர்டில் இருந்திருக்கிறான். அன்று ராத்திரி அவர் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தில் ‘சர்மன்’ என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

மனைவிக்கு எது பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சமையலறை ஜன்னலில் ஒரு கறிவேப்பிலைச் செடியைப் பிள்ளை மாதிரி வளர்ப்பவள். 1758இல் இந்த வாலன்டைன்ஸ் தோட்டத்தில் ஒரு கறுப்புத் திராட்சைக் கொடி நட்டார்கள். பத்து வருஷம் கழித்து, ராஜாவின் தோட்டக்காரரான ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் அதிலிருந்து ஒரு குச்சியை வாங்கிக்கொண்டுபோய் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் ஊன்றினார். அது இன்றைக்கும் இருக்கிறது. உலகத்திலேயே பெரிய திராட்சைக் கொடி என்று கின்னஸில் ஏறிவிட்டது. செப்டம்பரில் அதன் பழத்தைப் பறித்து விலைக்கு விற்கிறார்கள். இங்கே இருந்த தாய்க்கொடி பட்டுப்போயிற்று.

அவள் உடனே கறிவேப்பிலைத் தொட்டியை ஜன்னலிலிருந்து உள்ளே நகர்த்தி வைத்தாள். “அந்த ரீடிங் அக்கா ஒரு கன்னு கேட்டுட்டே இருக்காங்க. குடுக்க மாட்டேன்” என்றாள். அந்தக் கொடி இருந்த இடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வரவேண்டும் என்றும் சொன்னாள். துக்கம் விசாரிக்கப் போகிற குரல்.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஷேக்ஸ்பியர் பாடம். அந்தப் பெயரைக் கேட்டாலே காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வாள். அவளுக்கென்றே ஒருவர் அந்த வீட்டில் இருந்திருக்கிறார். கிளமென்ட் மான்ஸ்ஃபீல்டு இங்கல்பி. ஷேக்ஸ்பியர் ஆராய்ச்சியாளர். கல்லறையைத் தோண்டி மண்டையோட்டை வெளியே எடுத்து, படங்களில் இருக்கிற முகம் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று 1883இல் புத்தகமே போட்டார். எலும்பைத் தொட்டால் சாபம் என்று கல்லறை மேலேயே எழுதி வைத்திருப்பதும் அவருக்குத் தெரியும். ஊர் ஒத்துக்கொள்ளவில்லை, ஷேக்ஸ்பியர் தப்பித்தார்.

ஹெட்ஃபோன் ஒரு காதிலிருந்து இறங்கியது. “அந்த வீட்ல பேய் இருக்காப்பா?”

இருக்கிறது என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால் வரமாட்டாள். “அம்மாவிடம் கேள்” என்றேன்.

கார் வைத்திருப்பவன் மச்சினன். நடக்கிற தூரம்தான், ஆனால் கூட்டாஞ்சோற்றுத் தூக்கு நடக்காது. அவனுக்குக் கிரிக்கெட் தவிர வேறு வரலாறு கிடையாது. அந்தப் பூங்கா மைதானத்தில் எசெக்ஸ் அணி 1923 தொடங்கி எண்பது வருஷம் போலக் கவுண்டி ஆட்டங்கள் ஆடியது என்றேன். அசையவில்லை. நாசர் ஹுசேன் மெட்ராஸில் பிறந்தவர், அவர் அப்பா மெட்ராஸுக்காக ரஞ்சி ஆடிவிட்டு இங்கே வந்து இதே இல்ஃபர்டில் கிரிக்கெட் பள்ளி நடத்தினார் என்றேன். “நம்ம ஊர்க்காரனா! லார்ட்ஸ்ல கங்குலி சட்டையைக் கழற்றிச் சுத்தினப்ப எதிர்ல கேப்டனா நின்னானே, அவனா?” என்று கேட்டு, பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவதாக ஒப்புக்கொண்டான்.

ஆள் சேர்ந்தது. இனி நாள். அந்த மாளிகை வாரம் முழுக்கத் திறந்திருப்பதில்லை. கல்யாணங்களும் அங்கே நடக்கின்றன. “கல்யாணம் இருக்கிற அன்னைக்குப் போனா மொய் எழுதணுமே” என்று மாமியார் கவலைப்பட்டார். எல்லாம் ஒத்து வந்து ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றைப் பிடித்தோம்.

உடனே ராகு காலம் குறுக்கே வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு என்பது ஊர் முழுக்கத் தெரிந்த கணக்கு. ஆனால் அது காலை ஆறுக்கு உதித்து மாலை ஆறுக்கு மறைகிற ஒழுக்கமான சூரியனுக்குப் போட்டது. லண்டன் ஜூன் சூரியன் அதிகாலை நாலே முக்காலுக்கு எழுந்து, ராத்திரி ஒன்பது இருபது வரை ஊர் சுற்றும். பகலை எட்டாகப் பங்கு போட்டால் ஒரு பங்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அதில் ஞாயிற்றுக்கிழமையின் கடைசிப் பங்கு ஏழே காலிலிருந்து ஒன்பது இருபது. மாமனார் கணக்குப் போட்டுக் காட்டினார். மாமியார் இரண்டையும் விடத் தயாராக இல்லை. “எதுக்கு வம்பு? நாலரையிலிருந்து ஆறும் வேண்டாம், ஏழேகாலிலிருந்து ஒன்பதரையும் வேண்டாம்” என்றார். நடுவே ஆறிலிருந்து ஏழேகால் வரை மட்டும் வீட்டுக்குத் திரும்பலாம் என்று தீர்ப்பானது. மழை எந்த நேரத்தில் பெய்யும் என்பதைச் சொல்லாமல் வானிலைக்காரர்களும் பஞ்சாங்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்.

சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூட்டாஞ்சோறு, அப்பளம், வத்தல், தயிர்சாதம் ஒரு பாதுகாப்புக்கு, அதற்கும் பாதுகாப்பாக இட்லி. மாளிகை பக்கத்திலேயே தோட்டக்காரர் வீட்டில் ஒரு காபிக் கடை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். “காபி குடிக்க அங்க போகணுமா? பிளாஸ்க் இருக்கு” என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில். இந்த ஒரு விஷயத்தில்தான் குடும்பம் ஒற்றுமையாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு என்று ஒன்றை எடுத்து வைத்திருந்தேன். எல்லோரும் கூடியிருக்கும்போது சொன்னேன். 1754இல் அந்த மாளிகையை வாங்கியவர் சார்லஸ் ரேமண்ட். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் கேப்டன். இந்தியாவுக்குப் போய்ப் போய்ச் சம்பாதித்து, அப்புறம் கப்பல்களை நிர்வகித்து, வங்கி நடத்தி, சர் பட்டமும் வாங்கியவர்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

“அப்ப அது எங்கட காசு” என்றார் அக்கா.

“நம்ம காசேதான்” என்றார் மாமனார்.

அதற்குப் பிறகு ‘சும்மா காட்டுதான்’ என்ற பேச்சே இல்லை. சும்மா காட்டாமல் டிக்கெட்டா கேட்பான் என்றார்கள். அக்கா தன் நடைப்பயிற்சித் தோழிகளையும் கூட்டிவருவதாகச் சொன்னார். தெரியாதவர்கள் வீடு என்ற கூச்சம் அவருக்குப் போய்விட்டது. மாமனாரின் நோட்டில் ‘சர்மன்’ பக்கத்துக்கு அடுத்த பக்கம் ‘ரேமண்ட்’. கீழே வரிசையாகக் கேள்விகள்: கப்பல் எத்தனை, சரக்கு என்ன, வரவு எவ்வளவு. பூங்காவுக்குப் போவது என்பது மாறி, பரம்பரைச் சொத்தைத் தணிக்கை செய்யப் போவது என்று ஆகிவிட்டது. அங்கே வாசலில் வரவேற்கப் போகிற அந்தப் புன்னகை முகம் யாருடையதோ தெரியாது. அவருக்காக இப்போதே எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

எனக்கு மட்டும் அந்த வீட்டோடு ஒரு சம்பந்தமும் அமையவில்லை. நிழலில் ஒரு பெஞ்சு கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தேன். ஆனால் மாமியார் என்னை மறக்கவில்லை. போனில் திருநெல்வேலிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: “ஆமா, மாமியாருக்குன்னே கட்டியிருக்கான். முந்நூறு வருஷத்துக்கு முன்னாடியே அவ்வளவு மரியாதை. இங்க நமக்குப் படி ஏறினா தலை இடிக்கிற ரூமு.”

மறுநாள் மனைவி என்னிடம் மெதுவாகக் கேட்டாள், கூரைக்கடியில் சும்மா கிடக்கிற இடத்தை அறையாக்க எவ்வளவு ஆகும் என்று. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அளவெடுக்க ஆள் வருகிறார். மாமனார் நோட்டில் மூன்றாவது பக்கம் திறந்தாகிவிட்டது. அதில் என் பெயர். மாமியார் ஒரு நிபந்தனைதான் போட்டார்: ஆள் எப்போது வந்தாலும் சரி, எந்த ஊர் ராகு காலத்திலும் வரக்கூடாது.