வரிசை வடிகட்டலும் விடுபட்டோர் நிலையும்: ஓர் ஆய்வு

தரவு அட்டவணையில் வேண்டிய வரிசைகளை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கண்ணில் படாமல் செய்வது வடிகட்டல் எனப்படும். இதற்கு வேண்டியவை ஓர் அட்டவணை, ஒரு நிபந்தனை, கணினியின் மேல் அளவு கடந்த நம்பிக்கை. மூன்றாவதை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோரும் உண்டு. அவர்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் வரமாட்டார்கள்.

இத்தொழிலுக்குக் கணித மரியாதை கிடைத்தது 1970-இல். ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் அவ்வாண்டு வெளியிட்ட கட்டுரை, தரவுகளை உறவுகளாகப் பார்க்கும் மாதிரியை முன்வைத்தது. வரிசைகளைப் பொறுக்கும் செயலுக்குப் பாடநூல்கள் சிக்மா என்ற கிரேக்க எழுத்தையே ஒதுக்கிவிட்டன. 1974-இல் சேம்பர்லினும் பாய்ஸும் அறிமுகப்படுத்திய மொழி பின்னர் எஸ்.க்யூ.எல். ஆயிற்று. அதில் ‘செலக்ட்’ என்னும் கட்டளை நெடுவரிசைகளைத்தான் தேர்ந்தெடுக்கும். வரிசைகளைத் தேர்வது ‘வேர்’ என்பதன் பொறுப்பு. பைத்தான் மொழிக்கான பாண்டாஸ் நூலகத்தை வெஸ் மெக்கின்னி 2008-இல் எழுதத் தொடங்கினார். இன்று அலுவலகங்களில் நடக்கும் வடிகட்டல் பிழைகளில் சில அதன் வழியாகவும் அரங்கேறுகின்றன.

பாண்டாஸின் செயல்முறை அரசு அலுவலக நடைமுறைக்கு இணையான பொறுமை உடையது. ‘மாவட்டம் மதுரையா?’ என்று கேட்டால் முதல் வரிசை முதல் கடைசி வரிசை வரை ஒவ்வொன்றும் ஆம் அல்லது இல்லை என்று பதில் எழுதித் தரவேண்டும். ஒரு லட்சம் வரிசை இருந்தால் ஒரு லட்சம் பதில். இந்தப் பதில் பட்டியலை முகமூடி என்பர். அதை அட்டவணையின் மேல் வைத்தால் ஆம் என்றவை மட்டும் வெளியே தெரியும். முகமூடி போட்டபின்தான் முகம் தெரிகிறது என்பது இத்துறைக்கே உரிய விந்தை.

நிபந்தனை இரண்டானால் சிக்கல் தொடங்கும். பைத்தானின் வழக்கமான ‘ஆண்ட்’, ‘ஆர்’ இங்கே செல்லாது; & என்றும் | என்றும் எழுதவேண்டும். இந்த & குறி ஒப்பீட்டுக் குறிகளைவிட அவசரக்காரர். ‘வயது > 18 & மாவட்டம் == மதுரை’ என்று எழுதினால், 18-ஐயும் மாவட்டத்தையும் முதலில் முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார். ஆகவே ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனி அடைப்புக்குறிக்குள் பூட்டிவைப்பது கட்டாயம்.

வரிசை எண்ணால் எடுப்பதிலும் இரண்டு சட்டங்கள் நிலவுகின்றன. வழக்கமான எண்ணிட்ட அட்டவணையில் 0:5 என்று ‘லாக்’கிடம் கேட்டால் ஆறு வரிசை கிடைக்கும், ‘ஐலாக்’கிடம் கேட்டால் ஐந்து. ‘லாக்’ பெயரைப் பார்த்து, கடைசியில் நிற்பவரையும் சேர்த்துக்கொள்ளும். ‘ஐலாக்’ இடத்தைப் பார்த்து, அவரை வாசலிலேயே நிறுத்திவிடும். இரண்டு கட்சிக்கும் பொதுவாக ‘ஐஎக்ஸ்’ என்றொன்று இருந்தது. 2020-இல் வந்த 1.0 பதிப்பில் அது நீக்கப்பட்டது.

இனி ஆய்வின் மையப் பொருள். முறத்தில் புடைத்தால் பதர் பறப்பது கண்ணுக்குத் தெரியும். கணினி வடிகட்டலில் எதுவும் பறப்பதில்லை. போனவர் போனதே தெரியாமல் போகிறார். எல்லோரிலும் பரிதாபத்துக்குரியவர் வயது பதிவாகாதவர். பாண்டாஸின் சாதாரண எண் நெடுவரிசையில் அவருடைய இடத்தில் ‘நேன்’ என்ற மதிப்பு இருக்கும். 1985-இல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரநிலையின்படி அது தனக்குத்தானே கூடச் சமமில்லை. ஆகவே ‘வயது > 18’ என்றாலும் அவர் வரமாட்டார், ‘வயது <= 18’ என்றாலும் வரமாட்டார். இரண்டு அட்டவணைகளையும் கூட்டினால் மொத்தம் குறையும். ஆனால் முதல் நிபந்தனையையே ~ குறியிட்டு மறுத்தால் அவர் கம்பீரமாக உள்ளே வந்து, 18-ஐத் தாண்டாதவர்களோடு உட்கார்ந்துகொள்வார். எஸ்.க்யூ.எல். இதைவிடக் கண்டிப்பானது. உண்மை, பொய் ஆகியவற்றோடு ‘தெரியாது’ என்ற மூன்றாம் விடையையும் அது ஏற்கும். தெரியாததை மறுத்தாலும் தெரியாதது என்பதால் அங்கே அவருக்கு எந்தப் பக்கமும் இடமில்லை. ‘இவற்றில் இல்லாதவை’ என்று கேட்கும் ‘நாட் இன்’ பட்டியலில் ‘நல்’ எனப்படும் வெற்று மதிப்பு ஒன்றே ஒன்று நுழைந்துவிட்டால், ஒரு வரிசைகூடத் தேறாது. வராத ஒருவரை முன்னிட்டுக் கூட்டத்தையே கலைப்பது போன்ற இந்த நீதி, தர்க்கப்படி சரியானது என்பதுதான் இதில் கொடுமை.

தமிழ்ப் பெயர்களை வடிகட்டுவோருக்கு மேலும் ஒரு சோதனை உண்டு. ‘கோவை’ என்பதன் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரு குறியெண்களாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு விதிப்படியும் இரண்டும் ஒன்றே. ஆனால் பைத்தானின் == குறியெண்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுவதால், ஒரு கோவைக்காரர் வருவார், இன்னொரு கோவைக்காரர் காணாமல் போவார். என்.எஃப்.சி. முறையில் எழுத்துகளைச் சீராக்கிய பிறகு வடிகட்டினால் இருவரும் வந்துவிடுவர். ஊர்ப்பெயரின் வாலில் ஒட்டிய இடைவெளியும் இதே வேலையைச் செய்யும். அதை ‘ஸ்ட்ரிப்’ கொண்டு களையலாம்.

ஒரு வரிசைகூடத் தேறாத நிலையையும் கணினி பிழை என்று கருதாது. தலைப்புகள் மட்டும் உள்ள வெற்று அட்டவணையைப் பணிவோடு நீட்டும். அதன் சராசரியைக் கேட்டால் பாண்டாஸ் நேன் என்று கையை விரிக்கும்; கூட்டுத்தொகையைக் கேட்டால் தயங்காமல் 0 என்று சொல்லும். எஸ்.க்யூ.எல். அதே கேள்விக்கு 0 என்று சொல்லாமல் ‘நல்’ என்று ஒதுங்கிக்கொள்ளும். இரண்டில் எஸ்.க்யூ.எல்.-இன் விடையே நேர்மையானது. பாண்டாஸின் 0 அறிக்கையில் ஏறிவிட்டால் அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.