முன்னாள் முதலாளியின் விண்ணப்பம்

பெறுநர்: அமெரிக்கக் கருவூலத் துறை, வாஷிங்டன்.
அனுப்புநர்: பாண்டியாக் ஓட்டியே தலை நரைத்த ஒருவன், மிச்சிகன்.
பொருள்: விசுவாசத்துக்கு நிவாரணம் கோருதல்.

ஐயா,

எங்கள் வீட்டில் கட்சி மாறினால் மன்னிப்பு உண்டு. கார் மாறினால் கிடையாது. அப்பா ஓட்டியது பாண்டியாக், நான் ஓட்டுவதும் பாண்டியாக். டொயோட்டா வாங்கிய சித்தப்பாவையும் கல்யாணத்துக்கு அழைத்தோம்தான். காரை மட்டும் அடுத்த தெருவில் விட்டுவிட்டு வரச் சொன்னோம்.

இந்த விசுவாசத்துக்கு நான் இதுவரை ஒரு சென்ட் கேட்டதில்லை. எப்படிக் கேட்பதென்றே 2008 நவம்பரில்தான் தெரிந்துகொண்டேன். ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.), ஃபோர்டு, கிரைஸ்லர் மூன்றின் தலைவர்களும் 2500 கோடி டாலர் கேட்டு உங்கள் ஊருக்கு வந்தார்கள். மூன்று கம்பெனிகளும் ஒரே டெட்ராய்ட் வட்டாரம். வந்த தனி விமானங்கள் மட்டும் மூன்று. ஊரே சிரித்ததும், அடுத்த மாதம் தங்கள் கம்பெனிக் கார்களில் வந்து 3400 கோடி கேட்டார்கள். நடுவில் கூடிய 900 கோடி பெட்ரோல் செலவு என்று எடுத்துக்கொண்டேன்.

ஃபோர்டு கடைசியில் அந்த நிதியை வாங்கவில்லை. 2006-லேயே தன் நீல லோகோ உட்படக் கிடைத்ததையெல்லாம் அடகு வைத்துக் கடன் வாங்கியிருந்தது. அடகுக்கடை வாசல் மிதித்தவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

மற்ற இரண்டையும் நீங்கள் காப்பாற்றியது தவறு என்று சொல்ல வரவில்லை. எங்கள் ஊரில் அந்த ஆலைச் சம்பளத்தில் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். 2009 மார்ச்சில் ஜி.எம்., கிரைஸ்லரின் புதுக் கார்களுக்கு அரசே வாரண்டி நிற்கும் என்று அறிவித்தபோது எனக்குப் புல்லரித்தது. அணுகுண்டுகளை வைத்திருக்கும் அரசு கியர்பாக்ஸுக்கும் பொறுப்பேற்கிறதே! ஜூன் 1 அன்று ஜி.எம். திவால் மனு கொடுத்தது. ஜூலையில் பிறந்த புதிய ஜி.எம்.மில் 60.8 சதவீதம் உங்கள் பெயரில், அதாவது என் வரிப்பணத்தில். காருக்குத் தவணை கட்டியவன் கம்பெனிக்கே முதலாளியானேன்.

ஆனால் அந்த ஏப்ரலிலேயே ஜி.எம்.மின் பெயர்களில் ஒன்றான பாண்டியாக்குக்கு நாள் குறித்துவிட்டார்கள். சிக்கனம் போதாது, இன்னும் வெட்டுங்கள் என்று உங்கள் வாகனக் குழு சொன்னதில் போன பெயர் அது. 1926-ல் பிறந்தது. கம்பெனி பிழைத்தது, நான் விசுவாசம் வைத்த பெயர் பிழைக்கவில்லை. முதலாளியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கடைசியாக வாங்கியது ஒரு பாண்டியாக் வைப். கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில், ஜி.எம்.மும் டொயோட்டாவும் கூட்டாக நடத்திய ஆலையில், கொரோலாவோடு சேர்ந்து உருவானது. உள்ளே இருக்கும் எஞ்சின் டொயோட்டாவுடையது. சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. பழைய காரைக் கொடுத்தால் 4500 டாலர் வரை தருகிறோம் என்று 2009 கோடையில் அறிவித்தீர்களே, அந்தத் திட்டத்தில் மக்கள் அதிகம் வாங்கிய காரும் கொரோலாதான். அவர்களுக்கெல்லாம் எஞ்சினைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்திருக்க வேண்டும்.

2010 ஏப்ரலில் ஜி.எம். தலைவர் எட் விட்டாக்கர் டிவி விளம்பரத்தில் தோன்றி, அரசுக் கடனை வட்டியோடு, ஐந்தாண்டு முன்னதாகவே அடைத்துவிட்டோம் என்றார். கண் கலங்கிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, அடைத்த பணம் நீங்களே கொடுத்துத் தனிக்கணக்கில் போட்டு வைத்திருந்த பணம் என்று. மொத்தம் போட்டது 4950 கோடி டாலர். அதில் கடன் என்ற பெயரில் இருந்தது 670 கோடிதான், மீதி பெரும்பாலும் பங்கு. 2013 டிசம்பரில் கடைசிப் பங்கையும் விற்றுவிட்டு, சுமார் 1050 கோடி நஷ்டம் என்று கணக்கை முடித்தீர்கள். வங்கியே பணம் கொடுத்து வங்கிக் கடனை அடைக்கும் இந்த முறையை என் வீட்டுக் கடனுக்கும் கேட்டுப் பார்த்தேன். மேனேஜர் அந்த விளம்பரத்தைப் பார்த்ததில்லையாம்.

இனி விண்ணப்பத்துக்கு வருகிறேன். ஜி.எம்.மை இரண்டாக்கினீர்கள். நல்ல ஆலைகளும் நல்ல பெயர்களும் புதியதற்கு. கடனும் வழக்கும் பழையதற்கு. அதற்கு மோட்டார்ஸ் லிக்விடேஷன் கம்பெனி என்று பெயர். 2014-ல் ஜி.எம். கார்களின் இக்னிஷன் சுவிட்ச் கோளாறு வெளியே வந்தபோதும், திவாலுக்கு முந்தைய விபத்துகள் பழைய கம்பெனியின் பாடு என்றுதான் நீதிமன்றத்தில் வாதாடினார்கள். அந்தக் கோளாறால் நேர்ந்தவை என்று இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. இதில் சிரிக்க ஒன்றுமில்லை; மேலே போகிறேன்.

என்னையும் அதே முறையில் இரண்டாக்கித் தர வேண்டுகிறேன். ஓய்வூதியம், வீடு, மீதமிருக்கும் பற்கள் ஆகியவை புதிய எனக்கு. கிரெடிட் கார்டு பாக்கி, மூட்டுவலி, மச்சானிடம் வாங்கிய கைமாற்று ஆகியவை பழைய எனக்கு. பழைய என்னைக் கலைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தனி விமானம் கேட்கவில்லை, பேருந்திலேயே வந்து கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் சீக்கிரம் பார்த்துச் செய்யுங்கள். மச்சான் வெள்ளிக்கிழமை வருகிறான்.

இப்படிக்கு,
60.8 சதவீதத்தின் முன்னாள் முதலாளிகளில் ஒருவன்